பொத்தானை அழுத்தினால் சட்டம் நகருமா? தோட்ட மக்களும் இணையவழிச் சுற்றுச்சூழல் கருவிகளும்

(சிரம்பானில் தோட்ட மக்களுக்காக நடந்த ஒருநாள் சட்டப் பயிற்சியில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுவா பெத்தோங், லின்சம், பிராட்வெல் பக்கமிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். பாகாவ் ஜெராம் பாடாங்கிலிருந்து காலையிலேயே பேருந்து ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்த உங்களுக்கு என் நன்றி.

ஏற்பாட்டாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு இது: சுற்றுச்சூழல் சட்டத்தைத் தெரிந்துகொள்ளவும் புகார் செய்யவும் இன்று இணையத்தில் பல வழிகள் வந்துவிட்டன. அவற்றை நம் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அவற்றால் உண்மையில் பலன் உண்டா?

நெகிரி செம்பிலானுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தொழிற்பேட்டை, வீடமைப்பு, குப்பைக் கிடங்கு என்று நிலம் மாறிக்கொண்டிருக்கிறது. நாட்டின் நச்சுக் கழிவைச் சுத்திகரிக்கும் முதல் பெரிய மையம் 1998-ல் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் நானாசில்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது. தானா மேரா என்றால் நம் பெரியவர்களுக்கு ஒரு தோட்டம் ஞாபகத்துக்கு வரும். இன்று அதே பெயரில் குப்பை நிரப்பும் நிலம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி காடு வெட்டிக் கன்று நட்ட இடங்களின் பெயர்கள் இப்படித்தான் கழிவுக் கணக்கில் வந்து சேர்கின்றன. ஆகவே சுற்றுச்சூழல் சட்டம் என்பது புலியையும் யானையையும் காக்கிற சட்டம் மட்டும் அல்ல. லயத்துக் குழாயில் வரும் தண்ணீரும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சுவாசிக்கும் காற்றும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்.

மறைத்து வைத்த காலம்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் பார்க்கிற தகவல் எதுவும் தானாக வந்ததல்ல.

1997 செப்டம்பரில் புகைமூட்டம் சரவாக்கை மூடியது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு என்ன நடந்தது? சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள் என்ற பயத்தில் அந்தக் குறியீட்டு எண்ணையே மக்களுக்குச் சொல்வதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் நாம் சுவாசித்த காற்றின் கணக்கு நமக்கே இரகசியமாக இருந்தது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் மீண்டும் கடுமையாகி, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை வந்தபோதுதான் எண்களை மீண்டும் வெளியிட அமைச்சரவை முடிவு செய்தது. இன்று சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் நிலையங்களின் அளவை யாரும் இணையத்தில் பார்க்கலாம். மக்கள் கேட்டதால் கிடைத்தது அது.

இன்னொரு கதை பேராக்கில். புக்கிட் மேராவில் அபூர்வ மண் தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து அந்த ஊர் மக்கள் 1985-ல் வழக்குப் போட்டார்கள். அப்போது இணையம் இல்லை. கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், வெளிநாட்டு நிபுணர்களை வரவழைத்தார்கள். 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மக்கள் வைத்த மருத்துவ ஆதாரம் போதவில்லை என்றது. உரிமம் கொடுக்கும் வாரியத்திடம் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும் என்றும் கேட்டது. வழக்கில் தோற்றாலும் போராட்டத்தில் தோற்கவில்லை. 1994-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

அந்தத் தீர்ப்பு சொன்ன இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆதாரம். இரண்டு, சரியான கதவு. இணையக் கருவிகளை எடைபோடும்போது இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

இன்று கையில் இருப்பவை

இணையத்தில் நமக்குக் கிடைப்பவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சட்ட வாசகம். சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் தளத்தில் கூட்டரசுச் சட்டங்களைப் பணம் கொடுக்காமல் படிக்கலாம். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் அங்கே உண்டு. 2024-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சில குற்றங்களுக்கு அபராதம் பத்து மில்லியன் வெள்ளி வரை உயர்ந்தது. பழைய நகலை வைத்துக்கொண்டு பேசினால் பழைய அபராதத்தைத்தான் சொல்வோம்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகள். 1987-ல் வந்த உத்தரவுக்குப் பதிலாக 2015-ல் புதிய உத்தரவு வந்தது. அதில் இரண்டு அட்டவணைகள். இரண்டாவது அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். நச்சுக் கழிவை எரிக்கும் ஆலை அந்த வகையைச் சேர்ந்தது. அந்த அறிக்கைகளைச் சுற்றுச்சூழல் இலாகா தன் தளத்தில் போடுகிறது.

மூன்றாவது, புகார்ப் படிவங்கள். இலாகாவுக்கு ஒன்று, ஊராட்சி மன்றத்துக்கு ஒன்று, அமைச்சுக்கு ஒன்று என்று நிறைய உண்டு.

நான்காவது, வரைபடங்கள். நகர்ப்புறத் திட்டமிடல் இலாகாவின் 'ஐ-பிளான்' தளத்தில் ஒரு நிலம் இன்று எதற்குப் பயன்படுகிறது, நாளை எதற்கு என்று வகுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். 2014-ல் தொடங்கிய 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' தளத்தில் காடு அழிவதைச் செயற்கைக்கோள் வழியே பார்க்கலாம். செம்பனைத் தரச்சான்றிதழ் அமைப்புகளின் தணிக்கை அறிக்கைச் சுருக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தோட்டத்து வீடுகளைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்கள். நம்மைப் பற்றி எழுதியதை நாம்தான் படிப்பதில்லை.

ஐந்தாவது, இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள். கேள்வி கேட்டால் பதில் சொல்கின்றன. தமிழிலும் சொல்கின்றன.

நம் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

ஆண்டுக்கணக்காகத் தோட்டத்து வழக்குகளைப் பார்த்து வருவதால் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. நான்கு பழக்கங்களைப் பார்க்கிறேன்.

முதல் பழக்கம்: படம் எடுப்பது, புலனத்தில் அனுப்புவது, அதோடு நிறுத்துவது. ஆற்றுநீர் கறுத்துப் போனால் அரை மணி நேரத்தில் நூறு பேருக்குப் படம் போய்விடும். ஆனால் ஒரு வாரம் கழித்து, யார் எடுத்தது, எந்தத் தேதி, எந்த இடம் என்று கேட்டால் பதில் இல்லை. புலனத்தில் அனுப்பும்போது படத்துக்குள் இருக்கும் நேரம், இடம் பற்றிய விவரங்கள் நீங்கிவிடுகின்றன. நீதிமன்றத்துக்கு வேண்டியது எடுத்தவரின் கைத்தொலைபேசியில் இருக்கும் அசல் படம். கணினி வழி உருவான ஆவணத்தை எப்படி ஏற்பது என்று 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு சொல்கிறது. எடுத்த மனிதர் வந்து, 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். அவர் யார் என்றே தெரியாவிட்டால் அந்தப் படம் வெறும் படம்தான்.

இரண்டாவது பழக்கம்: கண்ணில் பட்ட கதவைத் தட்டுவது. ஒரு தோட்டத்துக்கு எத்தனை சட்டம் என்று எண்ணிப் பாருங்கள். செம்பனை ஆலையின் கழிவுநீரும் புகையும் சுற்றுச்சூழல் இலாகாவின் பொறுப்பு. வீட்டுக் குப்பை 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. நெகிரி செம்பிலான் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலம். மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நலம் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். எந்த மருந்தை விற்கலாம் என்பது பூச்சிக்கொல்லி வாரியத்தின் வேலை. லயத்து வீட்டின் தண்ணீர், சாக்கடை, கழிப்பறை ஆகியவை 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. மலையை வெட்டினால் ஊராட்சி மன்றம். நிலமும் ஆறும் மாநில அரசு.

ஒரே ஓடையில் ஒரே நாளில் வந்த நாற்றத்துக்கு இத்தனை கதவுகள். தவறான கதவைத் தட்டினால், 'இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல' என்று இரண்டு வரியில் பதில் வரும். பல பேர் அதோடு ஓய்ந்துவிடுகிறார்கள்.

இந்த அதிகாரப் பிரிவினை சின்ன விஷயமல்ல. சரவாக்கில் பாக்குன் அணைக்கட்டை எதிர்த்து மூன்று பூர்வகுடி மக்கள் வழக்குப் போட்டார்கள். மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை தங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்றார்கள். 1996-ல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சரவாக்கின் நிலமும் ஆறும் மாநில விவகாரம், கூட்டரசுச் சட்டம் அங்கே பொருந்தாது என்றது. தாங்கள் வாழும் நிலத்தைப் பற்றிய அறிக்கையைப் பார்க்கும் உரிமை அந்த மக்களுக்கு அப்படித்தான் இல்லாமல் போனது. நம்மைப் போன்ற இன்னொரு சிறுபான்மை மக்களின் அனுபவம் இது. மறக்கக் கூடாது.

மூன்றாவது பழக்கம்: புகார் எண் கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிடுவது. இதுதான் மிக ஆபத்தானது. ஒரு செம்பனைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே இன்னும் நம் மக்கள் வேலை செய்கிறார்கள். ஓடையில் கழிவு கலக்கிறது என்று படிவம் நிரப்பினார்கள். எண் வந்தது. 'நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு கடிதமும் வந்தது. அதை ஏற்காமல் மறுபடியும் படிவம் நிரப்பினார்கள். 'விசாரணையில் உள்ளது' என்று திரையில் வந்தது. அதை நம்பிக் காத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது அந்தக் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அரசாங்க அமைப்பின் முடிவை எதிர்த்து நீதிமன்றச் சீராய்வு கேட்பதற்கு 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-ஆம் கட்டளை மூன்று மாதம்தான் தருகிறது. முடிவு நமக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடுகிறது. திரையில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதியிருப்பதால் கடிகாரம் நிற்காது. காலநீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் நல்ல காரணம் காட்ட வேண்டும், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இணையப் படிவம் எந்த இடத்திலும் இந்த மூன்று மாதத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

நான்காவது பழக்கம், இளைஞர்களிடம் புதிதாக வந்தது: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, வந்த பதிலை அப்படியே மனுவில் ஒட்டுவது. அந்தக் கருவியைத் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கடினமான ஆங்கில வாக்கியத்தை எளிமையாக்கவும், மலாய் மொழியில் கடிதம் எழுதவும் உதவுகிறது. ஆனால் சட்டத்தை அதனிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அந்தக் கருவி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து ஐயாயிரம் டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வழக்கறிஞர்களுக்கே அந்தக் கதி.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் எழுதப்பட்ட சட்ட விஷயங்களில் பெரும்பகுதி இந்தியச் சட்டத்தைப் பற்றியது. தமிழில் கேள்வி கேட்டால், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்று பதில் வரலாம். இரண்டும் இந்தியாவில் உண்டு. சிரம்பானில் அந்தக் கதவுகள் இல்லை. தகவல் சுதந்திரத்துக்குச் சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் சட்டம் போட்டன. நம் மாநிலம் அந்த இரண்டில் ஒன்றல்ல. எந்த நாட்டுச் சட்டம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பிறகு அந்தப் பிரிவைச் சட்டத்துறைத் தலைவரின் தளத்தில் உங்கள் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கருவியில் உள்ள குறை

மக்கள் பழக்கத்தை மட்டும் பேசினால் நியாயமாகாது. இந்தக் கருவிகள் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டன?

மொழியைப் பாருங்கள். மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். ஆங்கிலம் அல்லது மலாய். அதுவும் பொறியாளர் மொழி. தமிழில் ஒரு பக்கச் சுருக்கம்கூடத் தர வேண்டும் என்ற கடமை இல்லை. மற்ற நாடுகளில் எப்படி? இலங்கையின் தேசியச் சுற்றுச்சூழல் சட்டத்தில், மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு இருக்கிறது என்ற அறிவிப்பைச் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும், பொதுமக்களுக்கு 30 நாள் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தியாவில் 2020-ல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பதே அல்ல என்ற எளிய நியாயம்தான் அது.

அளவைப் பாருங்கள். காற்றுக் குறியீடு நுண்துகள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. கழிவுக் குளத்து நாற்றம் அந்தக் கணக்கில் இல்லை. மருந்து அடிக்கும்போது காற்றில் பறக்கும் திவலையும் இல்லை. திரையில் பச்சை நிறம் காட்டும், லயத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

சொத்தைப் பாருங்கள். இதுதான் நம் கழுத்தில் கத்தி. 1976-ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டத்தில், சில நிலைகளில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் செய்யலாம். உரிமையாளர்களுக்கு! மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தாலும் நமக்கு நிலப்பட்டா இல்லை. பக்கத்து நிலத்தின் உரிமையாளர் யார்? தோட்ட நிறுவனம். அறிவிப்பு அவர்களுக்குத்தான் போகும். நிலத்தை விற்றதே அவர்கள்தான் என்றால் ஆட்சேபம் யார் செய்வார்கள்? நல்ல இணையத்தளம் இருந்தும் பயனில்லை, பெயர் பட்டியலில் இல்லாதவனுக்குக் கடிதம் வராது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்ட வரைவு தயாராகும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அங்கே பட்டா கேட்கமாட்டார்கள். நிலத்தின் தலைவிதி அங்கேதான் முதலில் எழுதப்படுகிறது. 'விவசாயம்' என்ற நிறம் 'தொழில்துறை' என்ற நிறமாக மாறுகிறது. ஐந்து ஆண்டு கழித்து இயந்திரம் வந்து நிற்கும்போது ஓடுவதைவிட, வரைவு வரும்போதே முப்பது பேர் கையெழுத்தோடு கருத்துக் கொடுப்பது மேல். ஐ-பிளானை இதற்குப் பயன்படுத்துங்கள். உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று இன்று மாலையே பாருங்கள்.

எடைபோட நான்கு கேள்வி

எந்தக் கருவி வந்தாலும் அதன் பளபளப்பைப் பார்க்காதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: லயத்தில் இருக்கும் ஓர் அக்காவுக்கு இது புரியுமா?

இரண்டு: இது சரியான கதவுக்குக் கொண்டுபோகிறதா, அல்லது தவறான கதவைத் தட்டினால் சரியான கதவுக்கு மாற்றிவிடுகிறதா?

மூன்று: கெடு நாள் எது என்று சொல்கிறதா?

நான்கு: இதிலிருந்து கிடைக்கும் தாள் நாளை நீதிமன்றத்தில் நிற்குமா?

நான் பார்த்த கருவிகளில் நான்கிலும் தேறியது ஒன்றுகூட இல்லை. சட்ட வாசகத் தளம் நான்காவதில் தேறும், முதலாவதில் தோற்கும். புகார்ப் படிவம் எண் தரும், கெடு நாளைச் சொல்லாது. உரையாடல் கருவி எளிதாகப் புரியும், அதன் பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே எந்த ஒன்றையும் தனியாக நம்ப வேண்டாம். குறையுள்ள இந்தக் கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு குழு தோட்டத்துக்குத் தோட்டம் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது, முகர்ந்தது, மழை பெய்ததா, யார் யார் பார்த்தார்கள். படம் எடுத்தவரின் பெயர். அசல் படத்தை அழிக்காமல் வேறொரு இடத்திலும் சேமியுங்கள். ஆற்றில் மீன் செத்தால் உடனே இலாகாவை அழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் தடயம் போய்விடும்.

இரண்டாவது, இணையத்தில் புகார் செய்தாலும் அதே புகாரை எழுத்து வடிவில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். திரை மாறும், முத்திரை மாறாது. பதில் வந்த தேதியை எழுதி, அங்கிருந்து மூன்று மாதத்தை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறியுங்கள். இரண்டாவது மாதம் முடிவதற்குள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை ஒருவர் இலாகா தளத்தைப் பார்த்து, நம் மாவட்டத்தில் எந்த மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வந்திருக்கிறது, கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது என்று கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுத வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

நான்காவது, எச்சரிக்கை. கோபத்தில் முகநூலில் நிறுவனத்தையும் மானேஜரையும் திட்டி எழுதாதீர்கள். அவதூறு வழக்கு வரும். 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் இருக்கிறது. 2025-ல் அதன் தண்டனை கடுமையாக்கப்பட்டது. பார்த்ததை எழுதுங்கள். பார்க்காததை ஊகித்து எழுதாதீர்கள். வேலை போகும் பயம் உள்ளவர்கள் குழுவின் பெயரில் புகார் கொடுக்கட்டும்.

ஐந்தாவது, நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீரைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள். அவர்களால் படிவம்கூட நிரப்ப முடியாத நிலை. நம் தாத்தாக்கள் அந்த நிலையில்தான் இந்த மண்ணில் இறங்கினார்கள்.

அரசாங்கத்திடம் நம் கோரிக்கை மூன்று. மதிப்பீட்டு அறிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழிலும் மாண்டரினிலும் தர வேண்டும். எந்தக் கதவில் புகார் கொடுத்தாலும் உரிய இலாகாவுக்கு மாற்றும் பொறுப்பும், கெடு நாளைச் சொல்லும் பொறுப்பும் அரசாங்கத்துக்கே இருக்க வேண்டும். நிலத்தில் குடியிருப்பவர்களுக்கும் திட்ட அறிவிப்புத் தர வேண்டும், உரிமையாளருக்கு மட்டும் அல்ல.

இதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் விதி உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. 1996-ல் தன் டெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'உயிர்' என்ற சொல்லுக்கு மூச்சு விடுவது மட்டும் பொருளல்ல, தூய்மைக்கேடு இல்லாத சூழலில் வாழ்வதும் அதில் அடங்கும் என்று விரிந்த பொருள் சொன்னது. இந்த உரிமைக்குப் பட்டா தேவையில்லை.

கடைசியாகப் பராகுவாட் மருந்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் மருந்து அடித்த நம் பெண்களின் நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. அவர்களின் நிலையைத் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் 2002-ல் ஆய்வாக வெளியிட்டன. அந்த ஆண்டே மருந்தைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் சொன்னது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. பதினெட்டு ஆண்டு! அந்தப் பதினெட்டு ஆண்டும் யாரோ ஒரு பெண் தன் கையைக் காட்டிச் சாட்சி சொன்னாள், யாரோ ஒருவர் அதை எழுதிவைத்தார், யாரோ ஒருவர் அதை மீண்டும் மீண்டும் மேசையில் வைத்தார். எந்தப் பொத்தானும் அந்த வேலையைச் செய்யவில்லை.

கருவி நம் கையில் இருக்கட்டும். சாட்சி சொல்ல மனிதர்கள் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தோட்ட வாரியாக உட்காருவோம். நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். எந்தத் தோட்டத்தில் யார் எழுதப் போகிறீர்கள் என்று பெயரைச் சொல்லிவிட்டு ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.